கணினி முறைமைகளின் மாற்றமும் நிழற்படங்களின் ஆயுளும்

வரலாறு சான்றுகளால் ஆவது. கல்லும் செம்பும் ஓலையும் தாளும் என முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் எழுதப்பட்டனவற்றைப் படித்தும், எழுதப்படாதனவற்றை உய்த்துணர்ந்தும் வரலாற்றாசிரியன் தன் நூலை யாக்குகின்றான். சென்ற இரு நூற்றாண்டுகளுள் அச்சான்றுகளின் வரிசையிலே நிழற்படமும் வந்து சேர்ந்தது. அரசர் வரலாற்றுக்குக் கல்வெட்டு எத்தகையதோ, ஊர் வரலாற்றுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் நிழற்படம் அத்தகையது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையோரமாய் அடுத்தடுத்துக் கிடக்கும் எம் ஊர்களிலே, ஒரு பாடசாலையின் முதற் கட்டடம் எவ்வாறிருந்தது, ஒரு கைத்தறிக் கொட்டிலில் யார் யார் இருந்து நெய்தனர், ஒரு கூட்டத்திலே யார் அருகில் யார் அமர்ந்தனர் என்பனவற்றைச் சொல்லும் ஆவணம் பெரும்பாலும் ஒரு நிழற்படமாகவே இருக்கும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையிற் பொங்கி வந்த கடல் அவ்வாவணங்களுட் பலவற்றை அள்ளிச் சென்றது. அப்பேரழிவில் இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. உயிரிழப்பின் முன் பட இழப்பு ஒரு பொருட்டன்று. ஆயினும் இறந்தோரின் முகத்தைக் காண ஒரு படமேனும் எஞ்சவில்லையே என்று ஏங்கியோர் எத்துணையோ பேர். அதன் பின்னர்ப் படங்கள் கணினியிலும் குறுவட்டிலும் சேமிக்கப்படுதல் வழக்கமாயிற்று. இனி நீருக்கும் நெருப்புக்கும் அஞ்ச வேண்டுவதில்லை என நாம் எண்ணினோம். அவ்வெண்ணம் பாதியே உண்மை என்பதனையும், மற்றைப் பாதிக்கு நாம் என் செய்தல் வேண்டும் என்பதனையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர், பழைய மாணவர் நினைவு மலர் ஒன்றுக்குப் படங்கள் திரட்டும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் உயர்தர வகுப்பு மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து எடுத்த குழுப்படம் ஒன்று எமக்கு இன்றியமையாததாயிருந்தது. அதில் நின்றவருட் சிலர் அடுத்த ஆண்டே கடலுக்கு இரையாயினர். வீடுகளில் இருந்த படிகள் எல்லாம் நனைந்தழிந்தன. படம் பிடித்த நிலையம் மேல்மாடியில் இருந்தமையால் அதன் குறுவட்டுகள் மட்டும் தப்பின.

அந்நிலையத்தார் அண்மையிலேதான் பழைய கணினியை நீக்கிப் புதியது வாங்கியிருந்தனர். பழைய படத்திருத்த மென்பொருள் புதிய பணிசெயல் முறைமையில் ஏற மறுத்தது. எனவே புதிய மென்பொருளிலே கோப்பைத் திறந்தோம். படம் செவ்வையாகத் தோன்றியது. 'நிற்பவர்கள் இடமிருந்து வலமாக' என்னும் பெயர் வரிசையும் கீழே தோன்றியது. மலரின் அளவுக்கேற்ப அவ்வெழுத்துகளைச் சிறிதாக்க நிலையத்து இளைஞர் அவற்றைத் தொட்டார். எழுத்துரு இல்லை, வேறொன்று இடட்டுமா எனக் கணினி வினவிற்று. அவர் இசைந்தார். அக்கணமே பெயர்கள் அனைத்தும் மறைந்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவிய பொருளற்ற கோவை ஒன்று அவ்விடத்தை நிரப்பிற்று. "கோப்புப் பழுதாகிவிட்டது, சேர்" என்றார் இளைஞர்.

பிரதேச செயலகத்திலே தட்டெழுத்தாளராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அவ்வேளை வேறொரு தேவைக்காக அங்கு வந்திருந்தார். ஊரார் அவரைக் காக்கா என்றே விளிப்பர். அவர் திரையைச் சற்று நேரம் உற்று நோக்கினார். பின்னர் மேசையின் விளிம்பிலே விரல்களை வைத்து, திரையிற் கண்ட ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாய்த் தட்டுவது போல் அசைத்து, ஒரு பெயரைச் சொன்னார். மீண்டும் அசைத்து, மற்றொரு பெயரைச் சொன்னார். கோப்பிலே பழுது ஒன்றுமில்லை. அது தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் விசையொழுங்கில் அமைந்த 'பாமினி' வகை எழுத்துரு. அதனை இளைஞர் அறியார், பெரியவரின் விரல்கள் அறிந்திருந்தன. பாமினி எழுத்துருவைத் தேடி நிறுவியதும் பெயர்கள் அனைத்தும் மீண்டன.

ஆனால், அதே நிலையத்தின் வேறு மூன்று குறுவட்டுகள் மீளவில்லை. அவை தொகுப்பேடு ஆக்கும் வேறொரு மென்பொருளின் சொந்த வடிவிற் சேமிக்கப்பட்டவை. அம்மென்பொருளை இயக்குவதற்கு வேண்டிய வன்பூட்டு தொலைந்து போயிற்று. அதனை ஆக்கிய நிறுவனமும் இன்று இல்லை. வட்டுகளிற் கீறல் இல்லை, தரவுகளும் முழுமையாக உள. ஆயினும் அவற்றை இன்று வரை எவராலும் திறக்க இயலவில்லை.

மென்பொருளும் அது நிற்கும் நிலமும்

இந்நிலை எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. படத்திருத்த மென்பொருளின் வரலாறு முழுவதும் இதுவே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தோமஸ் நோல் என்பவர் 1987இல் எழுதத் தொடங்கி, தம் சகோதரர் ஜோன் நோலுடன் சேர்ந்து விரித்த செயல்நிரலையே அடோபி நிறுவனம் 1990 பெப்ரவரியிற் 'போட்டோசொப்' என்னும் பெயரால் வெளியிட்டது. அது முதலில் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்டொஷ் கணினிக்கே உரியதாயிருந்தது. சில ஆண்டுகளின் பின் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமைக்கும் வந்தது.

மென்பொருள் ஒன்று தானாக இயங்குவதில்லை. கணினியின் முறைவழியாக்கி அறியும் கட்டளைகளால் அது ஆக்கப்படுகின்றது. திரையில் எழுதவும் வட்டிற் பதியவும் அச்சிடவும் அது பணிசெயல் முறைமையின் உதவியை நாடுகின்றது. இவ்விரண்டும் அதற்கு நிலம் போன்றவை. நிலம் பெயர்ந்தால் வீடும் பெயரும். அப்பிள் நிறுவனம் அந்நிலத்தைப் பலமுறை பெயர்த்துள்ளது. 1994இல் மோட்டோறோலா 68000 வகையை விடுத்துப் பவர்பீசி வகை முறைவழியாக்கிக்கும், 2001இற் புதிய பணிசெயல் முறைமைக்கும், 2006இல் இன்ரெல் வகைக்கும், 2020இல் தனது சொந்த முறைவழியாக்கிக்கும் அது மாறிற்று. ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருள்களுக்குத் தற்காலிகப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, பவர்பீசி மென்பொருள்களை இன்ரெல் கணினியில் இயக்கிய 'ரொசெற்றா' என்னும் பாலம் 2011இல் வந்த முறைமையில் நீக்கப்பட்டது. பாலத்தின் இப்பாலே தங்கியோர் தங்கியே விட்டனர்.

2019 ஒக்டோபரில் வெளியான 'கற்றலினா' என்னும் முறைமை 32-பிற் மென்பொருள்களை அறவே ஏற்க மறுத்தது. போட்டோசொப்பின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பான சீ.எஸ். 6 இதனால் வழக்கொழிந்தது. அம்மென்பொருளின் மையப் பகுதி 64-பிற்றாகவே இருந்தது. அதனை நிறுவும் பகுதியும் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியும் 32-பிற்றாயிருந்தமையே வினையாயிற்று. வீடு உறுதியாய் நிற்க, வாயிற்கதவு திறவாமற் போன கதை இது. அப்பிள் நிறுவனமே 2005இல் வெளியிட்ட 'அபேச்சர்' என்னும் மென்பொருளும் அம்முறைமையில் இயங்கவில்லை. அம்மென்பொருள், படத்திற் செய்யும் திருத்தங்களை மூலப்படத்திலே பதிப்பதில்லை. இன்னின்னவாறு திருத்துக என்னும் குறிப்பாகவே அவற்றைச் சேமித்து வைக்கும். குறிப்பைப் படித்து நிறைவேற்றும் மென்பொருள் இல்லையெனின் மூலப்படம் எஞ்சும், ஒருவர் ஆண்டுக்கணக்கிற் செய்த திருத்தம் எஞ்சாது.

விண்டோஸ் முறைமை பழையனவற்றைப் பேணுவதில் அப்பிளினும் பொறுமையுடையது. எனினும் அதற்கும் எல்லை உண்டு. 64-பிற் விண்டோஸ் முறைமை, 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 16-பிற் மென்பொருள்களை இயக்காது. 2021இல் வந்த விண்டோஸ் 11 என்பது 64-பிற் வடிவில் மட்டுமே கிடைப்பது. போட்டோசொப்புடன் இணைந்து தொழிற்படும் 32-பிற் செருகுநிரல்களும் 64-பிற் போட்டோசொப்பில் இயங்கா. பழைய வருடிகளும் அச்சுப்பொறிகளும் தமக்குரிய சாதனச் செலுத்திகள் கிட்டாமையால் மூலையில் ஒதுங்கின. 2014 ஏப்பிரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கும், 2020 ஜனவரியில் விண்டோஸ் 7இற்கும், 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10இற்கும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பொதுவான ஆதரவு முடிவடைந்தது. ஒவ்வொரு முடிவும் ஆயிரமாயிரம் நிலையங்களிலே ஒரு பெயர்ச்சியை உண்டாக்கிற்று.

மென்பொருளின் மூலநிரல் நம் கையில் இருந்தாற் போதாதோ என ஒருவர் வினவலாம். 1990ஆம் ஆண்டுப் போட்டோசொப்பின் மூலநிரலைக் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013இல் வெளியிட்டது. அது ஏறத்தாழ 128,000 வரிகள் கொண்டது. பெரும்பகுதி பஸ்கால் மொழியிலும் எஞ்சியது பெரும்பாலும் 68000 முறைவழியாக்கிக்குரிய ஒருங்குசேர் மொழியிலும் எழுதப்பட்டது. இன்று யாரும் அதனைப் படிக்கலாம். ஆனால் இன்றைய கணினி ஒன்றில் அதனை அப்படியே இயக்குதல் இயலாது. நூல் கையிலிருந்தும் கருவி இல்லாத நிலை அது.

தமிழெழுத்தின் தனி இடர்

ஆங்கிலத்தில் தொழில் செய்வோர்க்கு இவ்விடர் ஒருமடங்கெனின் நமக்கு இருமடங்கு. காரணம் எழுத்து. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்துத் தந்தார். கணினி வந்தபோது, தட்டெழுத்து அறிந்தோர் எளிதிற் பயிலும் பொருட்டு, அவ்விசையொழுங்கையே தழுவிப் பாமினி முதலிய எழுத்துருக்கள் எழுந்தன. அவற்றின் உபாயம் எளியது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழெழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தனர். 'எம்' இருந்த இடத்தில் அகரம், 'கே' இருந்த இடத்தில் மகரம், அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யின் புள்ளி, 'எச்' இருந்த இடத்தில் துணைக்கால். 'அம்மா' எனத் தட்டுவோன் திரையில் அம்மாவைக் காண்கின்றான். கணினியோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே அறிகின்றது. தமிழ் என்பது எழுத்துருவின் தோற்றத்தில் மட்டும் உண்டு, தரவில் இல்லை. எழுத்துரு நீங்கின் தமிழும் நீங்கும்.

இக்குறையைத் தீர்க்கவே ஒருங்குறி எழுந்தது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 முறைமை தமிழ் ஒருங்குறியை 'லதா' எழுத்துருவின் துணையுடன் காட்டியது. இலங்கையும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தை வகுத்தது. அங்ஙனமாயின் நிழற்பட நிலையங்கள் பாமினியை ஏன் விடவில்லை? அவர்தம் பழக்கத்தை மட்டும் குறை கூறுதல் தகாது. ஒருங்குறியில் 'கொ' என்பது ககரமும் ஓர் உயிர்க்குறியுமாக இரண்டு அலகுகளாய்ச் சேமிக்கப்படும். அவ்வுயிர்க்குறியைப் பிளந்து ஒரு பகுதியை முன்னும் ஒரு பகுதியைப் பின்னும் நிறுத்தும் வேலை மென்பொருளைச் சார்ந்தது. போட்டோசொப் அவ்வேலையை நெடுங்காலம் செய்யவில்லை. ஒருங்குறியில் எழுதிய திருமண வாழ்த்து அதிற் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதைந்து நின்றது. தெற்காசிய எழுத்துகளை முறைப்படி கோக்கும் வசதி 2010இற்குப் பின்னரே அதிற் படிப்படியாக அமைந்தது. ஆதலின் ஒருங்குறி தோன்றிய பின்னும் இருபதாண்டுகளாக எம் நிலையங்களில் எழுதப்பட்ட பெயர்கள் பாமினியிலேயே உறைந்துள்ளன. மென்பொருளின் தாமதம் ஒரு தலைமுறையின் ஆவணத்தைப் பூட்டி வைத்தது எனலாம்.

யாழும் ஏடும்

கருவி மறையின் நூலும் ஊமையாகும் என்னும் இவ்வுண்மையை இம்மண்ணிற் பிறந்தார் ஒருவர் நன்கு அறிந்திருந்தார். காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தரே அவர். அவர் பிறந்த அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிற் பதிப்பித்தார். ஏட்டில் இருந்த நூல் அச்சேறியது, எல்லோரும் அதனைப் படித்தனர். ஆனால் அரங்கேற்று காதை பேசும் யாழை ஒருவரும் கண்டிலர். அதன் வடிவும் நரம்பும் சுருதியும் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. விஞ்ஞானப் பட்டதாரியாகிய விபுலாநந்தர் கணிதத்தையும் ஒலிநூலையும் துணைக்கொண்டு, பல்லாண்டு முயன்று, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அவ்வாண்டே அவர் மறைந்தார். ஒரு கருவியை இழந்த சமுதாயம் அதனைச் சொற்களினின்று மீட்பதற்கு ஓர் அறிஞனின் பல்லாண்டு உழைப்பைக் கொடுக்க நேர்ந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டும் எம் வீடுகளிலேயே உளது. தமிழ்மொழியை அரபு எழுத்திலே, தமிழொலிகளுக்கு வேண்டிய புள்ளிகளைச் சேர்த்து எழுதும் அரபுத் தமிழ் இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலும் வழங்கிற்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அதில் நூல்கள் இயற்றினர். எம் பாட்டிமார் காலத்தில் அதனைப் படிப்போர் மிகுதி. இன்று அதே ஏட்டை எடுத்து விரிக்கும் பேரனுக்குத் தமிழும் தெரியும், குர்ஆன் ஓதக் கற்றமையால் அரபு எழுத்தும் தெரியும். எனினும் இரண்டையும் இணைக்கும் பயிற்சி இன்மையாற் பலரால் அதனைப் படிக்க இயலவில்லை. ஆங்கில எழுத்தினுள் மறைந்து கிடந்த பாமினிப் பெயர்களுக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. இரண்டிலும் பொருள் அழியவில்லை, படிக்கும் வழியே தூர்ந்தது.

உலகிலே செல்வமும் விஞ்ஞானமும் மிக்க நாடும் இதற்கு விலக்கன்று. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் 'லூனர் ஓபிற்றர்' விண்கலங்கள் எடுத்த சந்திரனின் படங்கள் காந்த நாடாக்களிற் பதியப்பட்டன. நாடாக்கள் இருந்தன. அவற்றைப் படிக்கும் பொறிகளோ கைவிடப்பட்டுச் சிலவே எஞ்சின. அவற்றை நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார் பல ஆண்டுகள் பேணி வைத்திருந்தமையாலேதான் 2008இற் படங்கள் மீட்கப்பட்டன. மேசை விளிம்பில் விரலசைத்த எம் ஊர்ப் பெரியவரும் அவ்வம்மையாரும் ஒரே தொண்டினர்.

மாற்றம் தவறா?

இவற்றைக் கூறுதலால், கணினி முறைமைகள் மாறுதல் கூடாது என்று யான் வாதிப்பதாகக் கொள்ளற்க. பழைய முறைமையின் ஓட்டைகளை அடைப்போர் இல்லாதபோது அதனை இணையத்தில் இணைத்து வைத்தல், கதவில்லா வீட்டிற் பொன்னை வைத்தலை ஒக்கும். முப்பதாண்டுப் பழைமை முழுவதையும் ஒவ்வொரு புதிய முறைமையும் சுமந்து செல்லின் அது நடக்கவும் மாட்டாது. விற்பவர்க்குப் புதியதை விற்பதில் இலாபம் உண்டென்பதும் மெய்யே. எவ்வாறாயினும், பேணும் கடமை ஆக்கியோனைச் சார்ந்ததன்று, உடையோனைச் சார்ந்தது. ஓலை செய்தவன் அதனைக் காக்கவில்லை. அதை உடையவன் அது செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் படியெடுத்தான். அவ்வாறு படியெடுக்கப்படாத நூல்கள் பெயரளவில் எஞ்சின, அல்லது பெயருமின்றி ஒழிந்தன.

ஓலைக்கும் கோப்புக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஓலை முதிர்வது கண்ணுக்குத் தெரியும். ஓரம் பொடியும், துளை விழும். கோப்போ முதிர்ச்சியின் குறியொன்றும் காட்டாது. ஒரு நாள் திறக்கும், மறு நாள் திறவாது. இதனாலேயே நாம் ஏமாறுகின்றோம்.

செய்யத்தக்கன

செய்யத்தக்கன சிலவே, அவையும் எளியவே. முதலாவது, படத்திருத்த மென்பொருளின் சொந்த வடிவில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் பொதுவடிவில் ஒரு படியெடுத்தல் வேண்டும். 1986இல் தோன்றி, 1992இன் ஆறாம் பதிப்போடு நிலைபெற்ற 'ரிஃப்' என்னும் வடிவும், 1992இல் நியமமான 'ஜேபெக்' என்னும் வடிவும் முறைமைகள் பல மாறிய பின்னும் எங்கும் திறக்கின்றன. ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியதாயிராது பலரும் பயன்படுத்தும் வடிவமே நீடிக்கும் என்பது இதனாற் பெறப்படும். இரண்டாவது, படத்திலுள்ளோரின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை ஒருங்குறியில் ஒரு தனிக் கோப்பாகவும், தாளிலும் எழுதி வைத்தல் வேண்டும். பெயரற்ற முகம் அரைச்சான்றே. மூன்றாவது, பழைய கணினியை நீக்குமுன், புதியதில் எவை திறக்கின்றன எவை திறக்கவில்லை என்பதைச் சோதித்தல் வேண்டும். பழையது இயங்கும் வரையே படியெடுத்தல் எளிது. நான்காவது, படிகள் ஓரிடத்தில் மட்டும் இராமல், கடலுக்கு எட்டாத ஓரிடத்திலும் இருத்தல் வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இவ்வாறு பேணி வருதலை யாவரும் அறிவர். பாடசாலைகளின் படங்களும் அத்தகைய இடங்களைச் சென்றடைதல் நன்று.

வெளிவாரி மாணவனாய் இரவல் நூல்களைக் கொண்டு வரலாறு கற்ற யான், ஆவணம் என்பது பெரிய நகரங்களின் சுவடிச்சாலைகளில் மட்டும் உள்ளதென எண்ணியதுண்டு. அக்குழுப்படம் என் எண்ணத்தை மாற்றியது. மலர் வெளியான நாளில் ஒரு தாய் அப்பக்கத்தை விரித்து, படத்தை நோக்குமுன் கீழிருந்த பெயர் வரிசையிலே தம் மகனின் பெயரைத் தேடினார். அதனைக் கண்டு, விரலை அதன் மேல் வைத்து, அதன் பின்னரே முகத்தை நோக்கினார். அப்பெயர் இன்னும் சில ஆண்டுகள் பிந்தியிருப்பின் படிப்பாரற்றுப் போயிருக்கும்.

இக்கல்லூரி மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். கணினியை எம்மினும் நீங்கள் நன்கறிவீர்கள். இவ்விடுமுறையில் வீட்டு அலுமாரியில் உள்ள குறுவட்டுகளை எடுத்துத் திறந்து பாருங்கள். திறப்பனவற்றைப் படியெடுங்கள். பெயர் தெரிந்த முதியோரை அருகில் இருத்திப் பெயர்களை எழுதுங்கள். திறவாதவற்றையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் படிக்க அறிந்த ஒருவர் எங்கோ இருத்தலும் கூடும்.